பால் பொங்காத அடுப்பு

2025 மார்ச் கடைசியில் நாமக்கல் டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தென்மாநிலங்களுக்குச் சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றிப் போகும் லாரிகளில் பெரும்பகுதி இந்தப் பக்கத்து ஆட்களுடையது; அவர்களின் சங்கத்துக்கும் நாமக்கல்தான் தலைமையிடம். எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் நிபந்தனைகள் பிடிக்காமல் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சில நாட்களில் பேசித் தீர்த்துவிட்டார்கள் என்றாலும், ஆண்டகளூர் கேட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு அதற்குள் உயிர் போய் வந்தது. "வடை போடறத நிறுத்திக்கலாம். பால் சட்டிக்கு அடியில தீய நிறுத்த முடியுமா?" என்றார்.

நெடுஞ்சாலை டீக்கடையில் பால் ராத்திரி பகலாக அடுப்பில் இருக்கும். கொதித்தால் பொங்கும், ஆறினால் லாரி டிரைவர் திட்டுவார். சாதாரண கேன்டீன் அடுப்பின் பர்னர் ஆளுயரத்துக்குச் சீறத்தான் லாயக்கு. அதைக் குறைத்தால் அணையும், விட்டால் அடிப்பிடிக்கும். பல கடைகளில் நடுவே ஒரு பழைய தோசைக்கல்லைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். வெந்துபோவது கல்தான், பாலுக்குப் போகிற சூடு கொஞ்சம். நண்பர் கடையில் தோசைக்கல் இல்லை. குனிந்து பார்த்தேன். பெரிய பர்னரின் வயிற்றுக்குள் இன்னொரு சின்னப் பித்தளை வளையம். அதைச் சுற்றி நீலப் பொட்டு வைத்ததுபோல் தீ. மேலே பாலாடை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். "நாமக்கல்ல ஒரு அண்ணன். டீசல் பம்ப் மெக்கானிக்" என்றார். எனக்குப் பொருந்தவில்லை. மறுவாரம் அவரே கூட்டிப் போனார்.

பரமத்தி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து. ஒரு பக்கம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. நடுவில் ஒற்றை ஷட்டர் கடை. ஒரு பழைய லேத், ஒரு பெஞ்ச் வைஸ், சுவரோரம் துணி போர்த்திய நாசில் டெஸ்டர். ஆளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நண்பர், "அண்ணா, இவரு பத்திரிகையில எழுதறவரு" என்றதும், "எழுதட்டுங்க, அட்ரஸ் மட்டும் வேண்டாம்" என்று சிரித்தார். அதனால் பெயரும் போடவில்லை.

பதினாலு வயதில் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். நாமக்கல்லில் அது ராஜ தொழில். லாரி கரும்புகை விட்டால், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அடித்தால், 200 பார் அழுத்தத்துக்கு முன்னே பின்னே டீசல் பனிபோலச் சிதற வேண்டும். சத்தத்தை வைத்தே எந்த ஓட்டை அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். பிறகு காமன் ரெயில் இன்ஜின்கள் வந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி கட்டாயமானதும் புது வண்டி எல்லாம் கம்ப்யூட்டர் வண்டி. அதைச் சோதிக்கும் பெஞ்ச் வாங்க இவருக்கு வசதி இல்லை, வாங்கியவர்களுக்கும் கம்பெனி ஆள்தான் வேலை பார்க்கிறான். பழைய லாரிகள் ஒவ்வொன்றாக உடைக்கப் போயின. ஒருநாள் பக்கத்து டீக்கடைக்காரர், அடுப்பு சிம்மில் நிற்கவில்லை என்று, வாயு பாயும் துளை முனையான ஜெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். "இதும் ஒரு நாசிலுதானேனு பாத்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, இது வேற சாதி."

என்ன வேறு? "டீசல் முரட்டுத்தனமா வரும். ஓட்டை துளி கோணலா இருந்தாலும் தள்ளிக்கிட்டுப் போயிரும். கேஸுக்குத் தெம்பே இல்லீங்க." உண்மைதான். வீட்டு ரெகுலேட்டரைத் தாண்டி வரும் வாயுவின் அழுத்தம் சுமார் 0.03 பார், அதாவது ஓரடி உயரத் தண்ணீருக்குச் சமம். அந்த அற்பத் தெம்பில் ஜெட்டைவிட்டுப் பாய்ந்து, போகிற வழியில் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போய்ச் சேர வேண்டும். நாம் குமிழைத் திருகித் தீயை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால், ஜெட்டின் வாயில் இருக்கும் அழுத்தம் இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். ஓரடி போய் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். காற்றும் வாயுவும் கலந்த கலவையில் தீ நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரும். பர்னர் ஓட்டையில் கலவை அதைவிட மெதுவாக வந்தால் தீ உள்ளே இறங்கி, 'டப்' என்று ஜெட்டிலேயே பற்றிக்கொள்ளும். பெரிய பர்னரைச் சிறிதாக எரிய வைப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

அவர் கண்ட வழி, பெரிய பர்னரைத் தொடாமல் விட்டுவிடுவது. உள்ளே தனிக் குட்டி வளையம், அதற்குத் தனி ஜெட், தனி வால்வு. ஓட்டைகள் ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய துளைக்குள் தீ நுழையாது. சுற்றியுள்ள பித்தளை சூட்டை உறிஞ்சிவிடும். சுரங்க விளக்கைச் சுற்றி 1815இல் ஹம்ப்ரி டேவி கம்பி வலை கட்டியதும் இதே கணக்கில்தான். இவருக்கு டேவியைத் தெரியாது. லாரி கடந்து போகும்போது அடிக்கிற காற்றுதான் தெரியும். அதனால் வளையத்தை வெளி விளிம்புக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்.

வார்ப்பு வெளியில் நடக்கிறது, நான் போகவில்லை. லேத்தில் மரை வெட்டியதையும் பார்த்தேன், சொல்ல ஒன்றுமில்லை. ஜெட்டில் ஓட்டை போட்டதுதான் பார்க்க வேண்டிய காட்சி. மெஷின் இல்லை. ஊசிபோல் மெல்லிய டிரில் பிட்டை ஒரு பித்தளைப் பிடியில் இறுக்கி, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு நாலு சுற்று, பிட்டை எடுத்து எண்ணெயில் துடைப்பு, மறுபடி நாலு சுற்று. துளை விழுந்ததும் ஒரு ஊசி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஜெட்டின் பின்னால் வைத்து அழுத்தினார். தண்ணீர் நூல்போல் நேராகப் போக வேண்டும். முதல் ஜெட்டில் அது இடப்பக்கம் பிரிந்து விசிறியது. "பிசிறு" என்றார். ஓட்டையின் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பித்தளைத் துணுக்கு. அது இருந்தால் வாயு கோணலாகப் பாயும், காற்றுக் குறையும், தீ மஞ்சளாகும், சட்டியில் கரி பிடிக்கும். ஈர்க்குச்சி நுனியைச் சீவி உள்ளே விட்டுத் திருகினார். இரண்டாம் முறை தண்ணீர் நூல் பிசகாமல் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. நாசில் டெஸ்டரின் முன் ஐம்பது வருடம் நின்ற கண் அது.

அடைத்துக்கொண்டால் ஊக்கால் குத்தலாமா என்று கேட்டேன். முறைத்தார். அரை மில்லிமீட்டர் ஓட்டை 0.6 ஆனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 44 விழுக்காடு வாயு கூடுதலாகப் போகும்.

இத்தனைக்கும் இவருக்கு என்ன கிடைக்கிறது? பட்டறையிலிருந்து எடுத்துப்போகும் டீலர், ஒரு பளபள ஸ்டிக்கரை ஒட்டித் தன் அடுப்பாக விற்கிறார். கடையில் போடும் விலையில் கால்வாசிகூட இந்தச் சந்துக்கு வருவதில்லை. டீலரிடம் கேட்டால் கடை வாடகை, கடன் பாக்கி என்று கணக்குச் சொல்வார். அவர் ஒரு நாளாவது அந்த டிரில் பிட்டை உருட்டியிருப்பாரா? சர்க்காரின் அளவுகோலும் இந்த வேலையைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டு அடுப்புக்கு ஐஎஸ்ஐ தரம் கேட்கிற குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 விழுக்காடு. அதற்கு மேலே போகப் போக நட்சத்திரம். எல்லாம் முழுத் தீயில் தண்ணீர் காய்ச்சிப் பார்த்துக் கொடுப்பது. நம் சமையலில் பாதி நேரம் அடுப்பு சிம்மில்தான் இருக்கிறது. அந்தப் பாதிக்கு நட்சத்திரம் இல்லை.

ஆனால் இந்த மெக்கானிக்கின் வேலையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இவ்வளவு சிறிய தீ அணைந்தால் யாருக்கும் தெரியாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். தீ அணைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு, சூட்டை உணரும் ஒரு கம்பி முனையோடு, மார்க்கெட்டில் கிடைக்கிறது. வெளிநாட்டு அடுப்புகள் பலவற்றில் அது உண்டு. இவர் அடுப்பில் இல்லை. இதைச் சொன்னதும் மறுக்கவில்லை. "போடோணுங்க. போட்டா வெல ஏறும், டீலர் வாங்க மாட்டேங்கறாரு."

டீக்கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். டீலர் கடைக்குக் கொடுக்கிற பணத்தை நேராக இந்த மாதிரிப் பட்டறையில் கொடுத்துப் பாருங்கள். அதே காசுக்கு அந்த வால்வையும் சேர்த்துப் போட்டுத் தர இந்த மெக்கானிக் தயார். என் நண்பர் முதல் ஆளாக முன்பணம் கொடுத்துவிட்டார்.