உள்பக்கத் தையலும் அமானிதமே



கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் ஓசூரில், சிப்காட் தொழிற்சாலைகளின் ஷிப்ட் நேரமே பல குடும்பங்களின் அன்றாடத்தை வகுக்கிறது. வேலைக்குச் செல்வோர் சென்றபின் கிடைக்கும் நேரத்தில் வீட்டிலிருந்தே தைத்து, குடும்ப வருமானத்திற்குத் துணைநிற்கும் சகோதரிகள் இங்கே பலர். அவர்களில் நாங்களும் அடக்கம்.

எங்கள் மூத்தவர்கள் மிதித்துத் தைத்த கறுப்பு இயந்திரத்தில் நேர்த்தையல் ஒன்றே உண்டு. ஊசி மேலும் கீழும் மட்டுமே இயங்கும். ஜிக்ஜாக் இயந்திரத்திலோ, ஊசி துணியை விட்டு மேலெழும்பியிருக்கும் வேளையில் இடமும் வலமும் அசைந்து கொடுக்கிறது. இந்தச் சிறு அசைவே இரு பெரும் பயன்களைத் தருகிறது.

முதலாவது, வெட்டிய ஓரம் பிசிறாமல் காப்பது. பருத்தித் துணியின் ஓரத்திற்கு அகலம் 4 மில்லிமீட்டர், நீளம் 2 மில்லிமீட்டர் என வைத்து, ஊசியின் வலப்பக்க அசைவு துணியின் விளிம்பைச் சற்றே தாண்டி விழும்படி தைக்க வேண்டும். இரண்டாவது, இழுபடும் துணிக்கு ஈடுகொடுப்பது. ஜெர்சி மக்கனாவைத் தலைவழியே அணியும்போது துணி விரியும். நேர்த்தையல் நூல் விரிய இடமின்றி அறுந்துவிடும். வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையலில் நூல் சற்று மிகுதியாக இருப்பதால் துணியோடு சேர்ந்து விரிகிறது. அதற்கு அகலம் 1, நீளம் 2.5 போதுமானது. முனை உருண்ட ஊசியைப் பொருத்தினால் தையல் விட்டுப்போவது குறையும்.

தொடங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைப் பாதத்தை மாற்றாமல் ஜிக்ஜாக் போட்டால், ஊசி பாதத்தில் மோதி உடையும். அகலத் துளையுள்ள பாதத்தைப் பொருத்தி, கைச்சக்கரத்தை முதலில் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். அதே துணியின் துண்டு ஒன்றில் தைத்து, கீழ்நூல் மேலே தெரிந்தால் மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் நீண்ட ஆலோசனைக்கு உள்ளானது வேறொன்று. ரமழானின் பிற்பகுதியில் பெருநாள் துணிகள் வந்து குவியும். உள்ஓரத்திற்கு ஜிக்ஜாக் போடாமல் விட்டால், நான்கு உடைகள் தைக்கும் நேரத்தில் ஐந்து தைத்துவிடலாம். வாங்கிச் செல்பவர் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பெருநாளன்று உடை அழகாகவே இருக்கும். சில சலவைகளுக்குப் பின்னரே ஓரம் பிரிந்து, தையல் விலகத் தொடங்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தன் பிள்ளைக்குத் துணி எடுத்த ஒரு தாயின் இழப்பு அது.

அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரை எச்சரித்தே அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. முழுக்கூலி பெற்றுக்கொண்டு உழைப்பில் குறைப்பதும் அந்த எச்சரிக்கையை நினைவூட்டுகிறது என்றே நாங்கள் உணர்ந்தோம். எனவே, ஓரத்தையலுக்கும் சேர்த்தே கூலியை முன்கூட்டிச் சொல்வது, மீந்த துணியை உடையோடு திருப்பித் தருவது, ரமழான் பிறை இருபதுக்குப் பின் புதுத் துணி வாங்குவதில்லை என்று தீர்மானித்தோம். வருமானம் சற்றுக் குறைந்தது உண்மையே. ஆயினும் கடைசிப் பத்து இரவுகள் இபாதத்துக்குக் கிடைத்தன.

நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கலையைப் பெண்மக்களுக்கு மட்டுமன்றி ஆண்மக்களுக்கும் கற்றுக்கொடுங்கள். எங்கள் மகன் தன் பள்ளிச் சீருடையின் பிரிந்த ஓரத்தை இப்போது தானே தைத்துக்கொள்கிறான்.

மனிதர் பாராத உள்பக்கத்தையும் அல்லாஹ் பார்க்கிறான். நம் கைத்தொழிலில் நேர்மையையும் பரக்கத்தையும் அவன் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.