கத்தாதே கண்ணு!

பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். மாடுலேஷன்?

லைசென்ஸ் வாங்கி, சேந்தமங்கலத்து மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, நானே செய்த ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் முன் உட்கார்ந்தேன். கொல்லிமலை குறுக்கே நிற்கிறதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். (முதல் நாள் அதே தொண்டையில் கத்தியதில்தான் மனைவி ராசிபுரத்துக்குப் பெட்டி கட்டியிருந்தாள். அது வேறு கதை.) நாற்பது மீட்டரில் சேலத்துக்காரர் சொன்னார்: "சத்தம் வருது, பேச்சு புரியலை!"

எனக்கு இதைக் கற்றுத்தந்த மாமா ஆஸிலாஸ்கோப்பைக் காட்டினார். அலையின் இடுப்பு அறுந்து அறுந்து கிடந்தது.

"நூறு சதவீதம்தான் கண்ணு எல்லை. தாண்டினா கேரியரே அறுந்துடும். பேச்சு கரகரங்கும், பக்கத்து அலைவரிசைக்காரனுக்கும் இரைச்சல். ரொம்பக் குறைச்சாலும் எடுபடாது. கத்துற உச்சமே தொண்ணூறுல நிக்கோணும். 2004 சுனாமியப்ப போர்ட் பிளேர்ல இருந்து ஹாம்காரங்க சேதி அனுப்புனாங்களே... ஒரு பேர் பிசகியிருந்தா ஒரு குடும்பமில்ல தவிச்சுப் போயிருக்கும்?"

கெயினைக் குறைத்தார். மைக்கைத் தள்ளி வைத்தார். சாதாரணமாகப் பேசினேன். "இப்ப சுத்தமா இருக்கு" என்றது சேலம்.

ராத்திரி ராசிபுரத்துக்குப் போன் போட்டேன். அதே குரலில் பேசினேன்.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "இப்பத்தாங்க நீங்க பேசறதே கேக்குது" என்றாள்.