பங்களாவிலிருந்து லயன் வரை

கொழும்பிலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ரயிலே நல்ல வழி. அந்தப் பாதை கோப்பிக்காகப் போட்டது. கண்டிக்கு ரயில் வந்தது 1867-இல். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிறகு இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. தண்டவாளமும் மேலே ஏறி, 1885-இல் நானுஓயாவைத் தொட்டது.

நாவலப்பிட்டி தாண்டியதும் காற்றில் குளிர் ஏறுகிறது. வட்டவளை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை என நிலையங்கள் வர வர, பெட்டிக்குள் தமிழ்ப் பேச்சு கூடிக்கொண்டே போகிறது. எதிரே இருந்த பெரியவர், "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்றார். புதுக்கோட்டை என்றேன். "எங்க தாத்தா பொறந்ததும் அந்தப் பக்கந்தான். நாந்தான் இன்னும் பாத்ததில்ல" என்றார். என் மாவட்டத்தின் பேச்சை இவ்வளவு உயரத்தில் கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு நீண்ட நடை இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த வருகைக்கு 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடியும் நடந்தார்கள்.

நானுஓயாவில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் நுவரெலியா. கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். அதற்கும் மேலே, நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல, 2,524 மீட்டர். பார்க்க வேண்டியவற்றுக்குக் குறைவில்லை. செங்கல்லில் கட்டிய பழைய தபால் நிலையம், விக்டோரியா பூங்கா, ஆளுநர் கிரெகரி 1873-இல் உண்டாக்கிய ஏரி எல்லாம் நடந்தே பார்க்கலாம். பதுளைச் சாலையில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில்; சற்றுத் தள்ளி, சின்கோனா மரத்துக்காக 1861-இல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்கா. ஹோர்ட்டன் சமவெளியில் 'உலகமுடிவு' செங்குத்தைப் பார்க்க விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்; நேரமானால் மூடுபனி பள்ளத்தாக்கை மூடிவிடும். ஏப்ரல் வசந்த காலத்தில் பூக்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே நிறைந்து, அறை வாடகையும் ஏறும். அமைதி வேண்டுபவர்கள் சனவரி, பிப்ரவரியில் வரலாம்.

தங்குமிடங்கள்தாம் இந்த ஊரின் தனிச்சிறப்பு. ஏனென்றால் பேர்பெற்ற விடுதிகள் பலவும் ஒரு காலத்தில் வேறு வேலைக்காகக் கட்டியவை. கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகை. 1876-இல் தொடங்கிய ஹில் கிளப், தோட்டத் துரைமார் கூடிக் களித்த இடம். கந்தப்பொலையில், மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, 1990-களில் ஹோட்டலானது. ஸ்டோரின் மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கானவை. பறித்த இலையைப் பரப்பி, ஈரம் இறங்கும்வரை காற்றோட்டத்தில் விடுவார்கள். அதற்காகத்தான் சுவர் நெடுகச் சன்னல்கள். கொழுந்து வாடிய அந்த மாடங்களில் இன்று விருந்தினர் உறங்குகிறார்கள். பழைய இயந்திரங்களைக் கழற்றி எறியாமல் வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

அட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரைமாரின் பங்களாக்களே விடுதிகளாகிவிட்டன. புல்வெளி, கணப்பு, மாலைத் தேநீர், எதிரே நீர்ப்பரப்பு. இந்தப் பக்கத்து நீருக்கும் ஒரு கதை உண்டு. பக்கத்து மவுசாக்கலை அணைக்காக மூழ்கியது பழைய மஸ்கெலியா நகரம். வறட்சியில் நீர் இறங்கும்போது அந்த ஊர்க் கோயிலின் மிச்சங்கள் வெளியே தெரியும். மார்கழி முதல் வைகாசிவரை சிவனொளிபாதமலை ஏறுகிற எல்லா மதத்தாரிலும் பலர் இவ்வழியே நல்லதண்ணிக்குப் போகிறார்கள்.

ஆளுநர் மாளிகை, கிளப், ஸ்டோர், பங்களா என மலைநாட்டின் பழைய கட்டடங்கள் விருந்தினருக்குக் கதவு திறந்துவிட்டன. திறக்காதது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் ஒன்றுதான். அது விடுதியாக முடியாது. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். 10-க்கு 12 அடியில் காம்பரா என்னும் அறை, முன்னால் இஸ்தோப்பு என்னும் சின்னத் தாழ்வாரம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். 1948-இல் குடியுரிமையே இல்லாமல் போன மக்கள் இவர்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். கடைசிவரை குடியுரிமை இல்லாமல் எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003-இல்தான் வந்தது. நாளுக்கு 18 கிலோ கொழுந்து என்பது பல தோட்டங்களில் கேட்கிற கணக்கு. குறைந்தபட்ச நாட்கூலி 2024-இல் 1,350 ரூபாயானது. அன்றைய மதிப்பில் ஐந்து டாலருக்கும் குறைவு. மலைச்சரிவின் மேலே பங்களா விடுதியில் ஓர் இரவுக்குப் பல நூறு டாலர்.

இதைச் சொல்வது யாரையும் அங்கே தங்காதே என்று தடுக்க அல்ல. அந்த விடுதிகளில் பரிமாறுபவர்களிலும் சமைப்பவர்களிலும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சம்பளம் லயன் வீட்டுக்கும் போகிறது. பங்களாவை மட்டும் பார்த்துவிட்டு மலையகத்தைப் பார்த்துவிட்டதாகத் திரும்ப வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கண்டி போகும் வழியில் கம்பளைக்கு அருகே, பழைய லயனிலேயே மலையகத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் புழங்கிய பாத்திரம், கருவி, ஆவணங்களோடு அந்த வாழ்க்கையைத் தொழிலாளரின் பக்கம் நின்று சொல்கிறது. அட்டன் கடைவீதியில் ரொட்டியும் சம்பலும் தின்று, சாயத்தண்ணி என்னும் பாலில்லாத தேநீர் குடித்து, நாலு பேரிடம் பேசுங்கள். மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். மலையக எழுத்தாளர்களான சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் எழுதியவற்றைப் படித்துவிட்டு வந்தால், சன்னல் வழியே தெரியும் பச்சைக்கு ஆள் முகம் வந்துவிடும்.

லயன் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் தலைமுறைகளாக வாழ்பவர்களில் மிகப் பலருக்கு இன்னும் காணியுறுதி, அதாவது நிலப் பத்திரம், இல்லை. தனி வீடுகள் எழத் தொடங்கியிருக்கின்றன, ஆனால் தேவைக்கு மிகக் குறைவு. வீடும் காணியும் தங்கள் பெயரில் இருந்தால், இந்தச் சுற்றுலாவில் அவர்கள் கூலியாட்களாக மட்டும் நிற்க வேண்டியதில்லை. விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடலாம், வழிகாட்டலாம், தங்கள் கதையைத் தாங்களே சொல்லலாம். அப்படியொரு வீடு வாடகைக்கு அறை தருமானால், என் அடுத்த பயணத்தில் நான் தங்கப்போவது அங்கேதான்.