முள்ளில் முளைக்கும் விதை

ஆட்டுப்பால் கட்டியும் சுடச்சுட ரொட்டியும் தந்த அந்த அம்மாளோடு சாப்பாடு முடிவதற்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. சிலி நாட்டில் இல்யாபெல் ஊரைத் தாண்டிய மொட்டைக் குன்றுகள். 2010இலிருந்து ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்து, மந்தையில் பாதியை விற்றுவிட்டிருந்தார். குடிசைக்கு எதிரே தூண் தூணாக நின்ற கீஸ்கோ கள்ளிகள் சிலவற்றில் செக்கச்செவேலென்று பூக்கொத்துகள். கீஸ்கோவின் பூ வெள்ளை. சிவப்பாக இருந்தது அதன் உடம்பில் குடியேறிய கீந்த்ரால், புல்லுருவி வகை.

எங்கள் மாந்தோப்பில் புல்லுருவி தென்பட்டால் கிளையோடு வெட்டி எறிவோம். இங்கேயும் வெட்டலாமே என்றேன்.

"எங்கே வெட்டுவீர்கள்?" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்கு இலையே இல்லை. மாமரத்துப் புல்லுருவி பச்சை இலை வைத்துத் தன் பங்குக்குக் கொஞ்சம் சமைத்துக்கொள்ளும். கீந்த்ரால் உடல் முழுவதையும் கள்ளியின் சதைக்குள் இழைகளாகப் பரப்பிக்கொண்டு, பூவையும் பழத்தையும் மட்டும் வெளியே நீட்டுகிறது. வெட்டினால் கள்ளியைத்தான் வெட்டவேண்டும்.

என்னை ஒரு கள்ளியருகே இழுத்துப்போய் முள்ளைக் காட்டினார். தெங்கா என்ற பறவை பழத்தை விழுங்கிவிட்டு எச்சமிட, பசைபிடித்த விதைகள் முள்ளில் சரமாக ஒட்டியிருந்தன. ஒரு விதையிலிருந்து சிவந்த வேர்நுனி கிளம்பி, காற்றில் வளைந்து, கள்ளியின் தோலைத் தேடிக்கொண்டிருந்தது. பத்து சென்டிமீட்டர் வரைகூட அது நீளுமாம். மண்ணில்லை, நீரில்லை, விதைக்குள் இருக்கும் சேமிப்பை மட்டும் நம்பி அவ்வளவு தூரம்! வெறுப்போடு போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடுமாடு அண்டாமலிருக்க வளர்த்த முள்ளே எதிரிக்கு ஏணியாகிவிட்டது, பாவம் கள்ளி என்றுதான் தோன்றியது. ஆனால் முள் மிக நீளமானால் தெங்காவால் வசதியாக உட்கார முடியாது. அப்படிப்பட்ட கள்ளிகளில் விதை விழுவது குறைவு என்று சிலி ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே கீந்த்ரால் பிடித்த கள்ளிக்கோ பழத்துக்காகப் பறவை திரும்பத் திரும்ப வருகிறது, மேலும் மேலும் விதை சேர்கிறது. அந்தக் கள்ளி பூப்பதும் காய்ப்பதும் குறைகின்றன.

இதை அம்மாளிடம் சொல்லும்போதே என் கோபம் பறவைமேல் திரும்பியது. அம்மாள் விடவில்லை. "கீஸ்கோ பழத்தைத் தின்று அதன் விதையைக் குன்றெல்லாம் போடுவது யார்? அதே தெங்காதான். குளிர்காலத்தில் கீந்த்ரால் பழமும் இல்லையென்றால் அது எதைத் தின்னும்?"

நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கள்ளி காய்ப்பு குறைந்தால் தெங்காவுக்கும் நட்டம்தானே என்றேன். அவர் இன்னொரு ரொட்டியைப் பிட்டு என் தட்டில் போட்டுவிட்டு, முதலில் சாப்பிடுங்கள் என்றார்.