மாரிஸ் மைனரும் குதிரைத்திறன் கணக்கும்

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் யாம் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, பௌதிக வகுப்பு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பினும் ஆகுக. சென்ற கோடை விடுமுறையில் ஒரு தாளில் அச்சிட்டிருந்த ஓரெண்ணை யாம் பலர் நடுவே உரத்துப் படித்தோம். அதனைக் கேட்டு ஒரு முதியவர் தலை கவிழ்ந்தார். அவ்வெண் எத்துணை மெய்யுடையது என்பதைப் பின்னரே ஆராய்ந்தோம். ஆராய்ச்சி முன்னும் படிப்புப் பின்னுமாக நிகழ்ந்திருப்பின் இக்கட்டுரைக்கு இடமே இராது.

எம் பாட்டனார் விட்டுச் சென்ற பொருள்களுள் 1958ஆம் ஆண்டின் மாரிஸ் மைனர் 1000 கார் ஒன்று. அதன் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவினது. நிமிடத்திற்கு 4750 சுற்றில் 37 குதிரைத்திறனும், 2500 சுற்றில் 50 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தரும் என்பது அதனைச் செய்தோர் வெளியிட்ட கணக்கு. அக்கார் பாளையங்கோட்டையிலுள்ள எம் தாய்மாமன் கைக்கு வந்தபோது, மேட்டில் ஏறுகையில் நீலப்புகை கக்கும் நிலையில் இருந்தது. பாட்டனார் காலந்தொட்டே அதனைப் பேணிவந்த பட்டறைப் பெரியவர் ஒருவர் அவ்வெஞ்சினை முற்றும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்கள் இட்டு, வால்வுகளை அரைத்துப் பொருத்தி, நான்கு திங்களில் திருப்பித் தந்தார். கூலியில் ரூபாய் 18,000 நிலுவை. காரை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கிய பின் அதனைப் பெற்றுக்கொள்வதாகப் பேச்சு.

இந்நிலையில், மதுரைக்கருகே ஒரு பட்டறையில் டைனமாமீட்டர் இருக்கின்றதென்று மாமாவிடம் யாரோ சொல்லிவைத்தனர். அவர் ஓய்வுபெற்ற கணக்கர். எண்ணில் எழுதாத எதனையும் நம்பார். மே மாதத்து நண்பகலில் யாம் இருவரும் ஆங்குச் சென்றோம். தரையில் பதித்த இரும்புருளைகளின்மேல் காரின் பின்சக்கரங்களை நிறுத்தி, வார்களால் இறுக்கிக் கட்டி, முன்னே ஒரு விசிறியைச் சுழலவிட்டு, இயக்குபவர் நான்காம் கியரில் முடுக்கினார். கார் நின்ற இடத்திலேயே ஓடிற்று. திரையில் ஒரு வளைகோடு ஏறிற்று. பின்னர்த் தாள் ஒன்று வந்தது. அதிலிருந்த எண் 24.

"முப்பத்தேழு எங்கே, இருபத்துநான்கு எங்கே? பதின்மூன்று குதிரை எங்கே போயின, மருமகனே?" என்று மாமா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பழைய பிஸ்டன்களையே துடைத்துப் போட்டிருப்பார் என்ற ஐயம் கங்கைகொண்டான் வருமுன் உறுதியாகிவிட்டது.

மறுநாள் பட்டறையில் நிகழ்ந்ததை விரித்துரைக்க எமக்கு மனமில்லை. மாமா தாளை எம் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னார், படித்தோம். வேலை பழகும் சிறுவர் மூவர் கேட்டு நின்றனர். பெரியவர் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு, "தம்பி, எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தினார்கள்?" என்று மட்டும் எம்மைக் கேட்டார். "அதெல்லாம் எதற்கு, அண்ணாச்சி? எண்ணுக்கு விடை சொல்லுங்கள்" என்றார் மாமா. பெரியவர் விடை சொல்லவில்லை. அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். நான்கு சிலிண்டரும் 150 பவுண்டை ஒட்டியே நின்றன. மாமா அதனைப் பார்க்கவில்லை. நிலுவை கொடுபடவுமில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. பெரியவர் கேட்ட வினா ஓர் ஏமாற்றுக்காரன் கேட்கும் வினாவாகத் தோன்றவில்லை. தாளை மீண்டும் எடுத்து நோக்கினோம். அதில் திறனுக்குக் கீழே மிகுந்த முறுக்குவிசை 80 பவுண்டு-அடி என்றும், அஃது எழுந்தது 1250 சுற்றில் என்றும் இருந்தது. செய்தோர் சொன்ன மிகுதியோ 50. திறனிற் குறைந்த எஞ்சின் முறுக்கில் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் வளர்ந்தது எங்ஙனம்?

யாம் தமிழ் மாணவரே. ஆயினும் பெருக்கலை மறந்தோமல்லேம். முறுக்குவிசையைச் சுற்றெண்ணாற் பெருக்கி 5252ஆல் வகுப்பின் குதிரைத்திறன் வரும். இது ஜேம்ஸ் வாட் வகுத்த அளவினின்று வருவது. நிமிடத்திற்கு 33,000 பவுண்டு-அடி வேலையே அவர் கணக்கில் ஒரு குதிரை. உருளை தன்மேல் விழும் விசையையும் தன் வேகத்தையும் கொண்டு திறனைக் கண்டுகொள்ளும். அதற்கு எஞ்சினின் சுற்றெண் வேண்டுவதில்லை. ஆனால் எஞ்சினின் முறுக்குவிசையைச் சொல்லச் சுற்றெண் வேண்டும். அதனை ஒரு பிளக்கின் கம்பியிற் கவ்விய கருவி பொறிகளை எண்ணிச் சொல்கின்றது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே பொறி விடும். அதனைச் சுற்றுக்கு ஒன்று என அமைத்துவிட்டால் சுற்றெண் பாதியாகும்; முறுக்குவிசை இரட்டிக்கும். எம் தாளில் நிகழ்ந்தது அதுவே. 80 என்பது உண்மையில் 40; 1250 என்பது 2500. முறுக்கெண் பொய், திறனெண்ணுக்கு இதனால் இழுக்கில்லை. ஆயினும் ஒரு வரியிற் பிழைத்த தாளை மற்றொரு வரியில் வேதவாக்காகக் கொண்டோமே என்று நாணினோம்.

இனி அத்திறனெண்தான் எதனைச் சொல்கின்றது? 1821இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் கஸ்பார் தெ புரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளாற் கவ்வி, அவை இழுக்கும் விசையை ஒரு கோலின் முனையில் எடையிட்டு அளந்தார். 1877இல் வில்லியம் ஃபுரூடு கட்டைக்கு மாறாக நீரைக் கொண்டார். இவ்விரண்டும் எஞ்சினின் தண்டையே பிடித்தன. காரின் உருளையோ சக்கரத்தைப் பிடிக்கின்றது. இடையில் கியர்ப்பெட்டி, நீள்தண்டு, பின்னச்சு, டயர் ஆகிய நால்வரும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்வர். சிலர் எந்தக் காராயினும் 15 விழுக்காடு கூட்டிவிடுவர். அஃது யாம் ஏற்கும் முறையன்று. வார் இறுக்கமும் டயரின் காற்றும் உண்ணும் பங்கு எஞ்சின் பெரிதாயின் அவ்வளவாக வளர்வதில்லை; சிறிதாயின் அவ்வளவாகச் சுருங்குவதுமில்லை. ஆகவே சிற்றெஞ்சினுக்கு அவ்விழுக்காடு குறைவாகவே போம்.

செய்தோர் கணக்கும் மாசற்றதன்று. அக்காலத்துத் தொழிற்சாலைகள் பல, விசிறி, டைனமோ, காற்றுவடிகட்டி, புகைக்குழாய் முதலியவற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினை மேடையில் தனித்து ஓட்டி அளந்தன. அமெரிக்கர் அம்முறையை 1971 வரை கைக்கொண்டு, 1972இல் யாவும் பொருத்திய நிலையில் அளக்கத் தொடங்கினர். கார்வெட் காரின் அடிப்படை எஞ்சின் 1971இல் 270 குதிரை; 1972இல் 200. இறந்த குதிரைகளுட் பெரும்பாலன இரும்பில் இறந்தனவல்ல, கணக்கில் இறந்தன. ஆங்கிலேயர் வரி விதித்த முறை இன்னும் விந்தை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் வர்க்கித்து, சிலிண்டர் தொகையாற் பெருக்கி, 2.5ஆல் வகுப்பர்; பிஸ்டன் எத்துணை தூரம் நகரும் என்பது கணக்கிலேயே இல்லை. ஆஸ்டின் செவன் அவ்வகையில் 7.8 குதிரை, அதன் மெய்த்திறன் ஏறத்தாழ 10. பழைய கார் ஒன்றுக்கு ஏட்டில் ஒரு குதிரைத்திறன் கண்டால், எவர் எம்முறையில் எண்ணியது என வினவாமல் அதனோடு வேறெதனையும் ஒப்பிடுதல் தகாது.

வெப்பமும் உண்டு. வெங்காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சின் உண்ணும் உயிர்க்காற்றும் குறையும். ஆதலின் 25 பாகை வெப்பத்தில் இருந்தால் இவ்வளவு வந்திருக்கும் என்று கருவி திருத்திச் சொல்லும். 39 பாகையில் அத்திருத்தம் நூற்றுக்கு இரண்டு மூன்றே. ஆனால் வெப்பமானியை ரேடியேட்டர் அருகே தொங்கவிட்டால் திருத்தம் பெருகிப் பொய்க்குதிரைகள் பிறக்கும். பழைய திருத்த முறையொன்று 15.6 பாகையை அடியாகக் கொள்வது. அதனைத் தேர்ந்தால் அதே ஓட்டத்திற்கு நூற்றுக்கு நான்களவு கூடுதலாகக் காட்டும். தாளின் அடியில் நுண்ணெழுத்தில் இருக்கும் இதனை எவர் படிக்கின்றார்?

இத்தனைக்கும் மேலானது பெரியவர் கேட்ட வினா. இயக்குபவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் நேர்மையானவர், மறைக்கவில்லை. "பழைய வண்டியாயிற்றே, உடைந்தால் பழி வருமே என்று 95 கிலோமீட்டரிலேயே நிறுத்திவிட்டேன்" என்றார். நான்காம் கியரில் அவ்வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 3900 சுற்றே சுழலும். 37 என்னும் உச்சமோ 4750இல் இருப்பது. ஏணியின் பாதியில் இறங்கி வந்தவனை மச்சுக்கு வரவில்லை என்று சொல்லி அடித்தோம்.

மாமாவை இணக்க எமக்கு ஒன்பது நாள் சென்றன. எண்ணை எண்ணால் அன்றி வெல்ல இயலாதென்று கண்டு, மேற்கூறிய கணக்குகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி அவர் மேசைமேல் வைத்தோம். அவர் அதனைச் சிவப்பு மையால் திருத்தி, இரு கூட்டற்பிழை கண்டு, பின் வண்டிச்சாவியை எடுத்தார்.

இரண்டாம் முறை காலையிலேயே ஓட்டினோம். டயரில் காற்று நிரப்பி, வாரை அளவாகக் கட்டி, பொறி எண்ணும் கருவியைச் சரியாக அமைத்து, 115 கிலோமீட்டர் வரை செல்ல மாமா உடன்பட்டார். மூன்று ஓட்டம்: 28.7, 29.1, 28.9. பின்னர் இயக்குபவர் கிளட்சை மிதித்து உருளைகளைத் தாமே ஓய விட்டு, இடையிலுள்ளவை விழுங்குவது ஆறரைக் குதிரை எனக் கண்டார். சுமையின்போது கியர்கள் உண்ணும் மிகுதி இதில் அடங்காதெனினும், இரண்டும் கூட்டிய தொகை 35க்கும் 36க்கும் நடுவே நின்றது. பழைய 95 கிலோமீட்டர் வேகத்தில் இப்போது 26 காட்டிற்று, முன்னே 24. அவ்விரண்டு குதிரையும் வாரிலும் டயரிலும் போனவை என்பதே எம் துணிபு. ஒரே நாளில் ஒரே உருளையில் மூன்று ஓட்டமும் அரைக்குதிரைக்குள் ஒத்தன. அவ்வளவில் அக்கருவி நம்பத்தக்கது. ஓரூர்த் தாளை மற்றோரூர்த் தாளோடும், அவ்விரண்டையும் 1958ஆம் ஆண்டு ஏட்டோடும் ஒப்பிடுவதற்கு அஃது உடன்படவில்லை, யாம்தான் உடன்பட்டோம்.

மதுரையிலிருந்து நேரே பட்டறைக்குச் சென்றோம். மாமா ரூபாய் 18,000ஐ எண்ணி வைத்து, "அண்ணாச்சி, என் பிழைதான்" என்றார். பெரியவர் பணத்தை எண்ணாமலே பெட்டியில் இட்டார். புதிய தாளை யாம் நீட்டினோம். அச்சிறுவர் மூவருள் மூத்தவன் வாங்கிப் படித்தான். பெரியவர் எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது நேரம் செவிகொடுத்து, வால்வு இடைவெளி ஒன்று சற்றே தளர்ந்திருக்கின்றதென்று சொல்லி, அங்கேயே திருத்தித் தந்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை. மாமா எதிர்க்கடையிலிருந்து வரவழைத்த தேநீர் அவர் பக்கத்துப் பலகையில் ஆறிக்கொண்டிருந்தது. யாம் புறப்படும் வரையில் அவர் அதனைத் தொடவில்லை.