கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று: வாட்டர்லூவுக்கு ஒரு பயணம்

மே மாதத்தில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்குப் போனால், வாத்துகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கனடா கூஸ் எனப்படும் பெரிய வாத்து. கழுத்து கறுப்பு, கோபம் அதிகம். புல்வெளியிலும் கட்டட வாசலிலும் கூடு கட்டிவிட்டு, கிட்டே வருகிறவர்களைச் சீறி விரட்டும். எங்கெங்கே கூடு இருக்கிறது என்று காட்ட பல்கலைக்கழகமே இணையத்தில் ஒரு வரைபடம் போடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாத்துகளுக்கு வழிவிட்டபடி, ஒரு சனிக்கிழமை காலை இங்கே வந்திறங்கியது ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் மகள். டொரோண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்திருந்தார்கள். வந்த காரணம் மகளின் கைப்பேசியில் இருந்தது. அவள் விண்ணப்பித்தது கணினி அறிவியலுக்கு. பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதமோ, 'அந்தப் படிப்பில் இடம் தர இயலவில்லை; பதிலாகக் கணிதத்தில் இடம் தருகிறோம்' என்றது.

'ஆல்டர்னேட் ஆஃபர்' என்று இதற்குப் பெயர். நம்மூர் கவுன்சலிங்கில் கேட்ட பிரிவு கிடைக்காமல் வேறு பிரிவை எடுக்க நேர்வது மாதிரிதான். ஆனால், இங்கே யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஒண்டாரியோ மாநிலத்தில் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் பதில் சொல்ல வேண்டும். எத்தனை இடம் கிடைத்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும். அவளுக்கு இன்னொரு இடமும் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய பல்கலைக்கழகத்தில், கேட்ட அதே கணினி அறிவியல்.

"வாட்டர்லூ எண்ட பேரே போதும் பிள்ளை" என்பது அப்பாவின் கட்சி. "வீட்டில சாப்பிட்டுப் படிக்கலாமே" என்பது அம்மாவின் கட்சி. மகள் இரண்டு வாரமாக எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

வாட்டர்லூ பெரிய நகரம் அல்ல. ஒட்டியிருக்கும் கிச்சனருக்கு 1916 வரை பெர்லின் என்று பெயர். ஜெர்மன் வழிவந்தவர்கள் குடியேறிய பகுதி. 1957-ல் இங்கே பல்கலைக்கழகம் தொடங்கியபோதே, நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்துடன் வேலை என்று மாறி மாறி வரும் 'கோ-ஆப்' முறையையும் தொடங்கிவிட்டார்கள். அதனால் மே மாதத்திலும் வளாகம் காலியாகிவிடுவதில்லை. ஒரு கூட்டம் வேலைக்குப் போனால் இன்னொரு கூட்டம் வகுப்புக்குத் திரும்புகிறது. ரிங் ரோடு என்ற வட்டச் சாலைக்குள்ளேயே பெரும்பாலான கட்டடங்கள். நடுவில் பத்து மாடி நூலகம், யாரோ வைத்துவிட்டுப் போன சர்க்கரைக் கட்டி மாதிரி நிற்கிறது.

கணிதத்துக்கு இங்கே தனி மரியாதை. மற்ற இடங்களில் அது ஒரு துறை. இங்கே 1967 முதல் தனிப் புலம். அதன் அடையாளம் ரோஸ் நிற டை. புதிதாகச் சேரும் கணித மாணவர்களுக்கு அந்த டையைக் கொடுத்துத்தான் வரவேற்கிறார்கள். கணினி அறிவியல் பள்ளியும் இந்தக் கணிதப் புலத்துக்குள்தான் இருக்கிறது. கணிதத்தில் சேர்ந்தவர்களும் முதல் ஆண்டில் நிரல் எழுதப் படித்தாக வேண்டும். சமன்பாடுகளைக் குறியீடுகளாகவே வைத்துத் தீர்க்கும் 'மேப்பிள்' மென்பொருள் பிறந்ததும் இங்கேதான்.

இதையெல்லாம் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிறகென்ன? எல்லாம் ஒரே புலம்தானே. உள்ள வந்தாப் பிறகு மாறலாம்!"

நூலக வாசலில் எதிர்ப்பட்ட ஒரு தமிழ் மாணவர் அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்தார். மூன்றாம் ஆண்டு கணிதம் படிப்பவர். "மாறலாம் எண்டு நம்பி மட்டும் வராதேங்கோ அங்கிள். மார்க்கும் வேணும், இடமும் இருக்கவேணும். கிடைச்ச ஆக்களும் இருக்கினம், கிடைக்காத ஆக்களும் இருக்கினம்."

பிறகு மகளிடம் திரும்பி இரண்டு கேள்விகள் கேட்டார். "கடிதத்தில கோ-ஆப் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ? கடைசி மட்டும் மாற்றம் கிடைக்காட்டி, மேத்ஸே படிப்பீங்களோ?"

முதல் கேள்விக்குக் கைப்பேசியைத் திறந்து பார்த்தார்கள். கோ-ஆப் இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. இப்படி ஒரு கடிதம் வந்தால், பதற்றத்தில் பாடத்தின் பெயரைப் படித்ததோடு நிறுத்திவிடத் தோன்றும். வேலைப் பயிற்சி உண்டா, கட்டணம் மாறுகிறதா, உதவித்தொகை தொடருமா என்பதெல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை.

மதியம் செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தை. வளாகத்திலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இந்தப் பக்கத்தில் இருநூறு ஆண்டுகளாக விவசாயம் செய்கிறார்கள். அவர்களில் பழைய முறையைக் கைவிடாதவர்கள் இன்றும் குதிரை வண்டியில்தான் வருகிறார்கள். பிளாக்பெர்ரி போன் பிறந்த ஊரில் குதிரைக் குளம்புச் சத்தம்! மேப்பிள் பாகு, தொத்திறைச்சி, மாவில் தோய்த்துப் பொரித்த ஆப்பிள் வளையம். அந்த ஆப்பிளை அம்மா இரண்டாவது முறையும் வாங்கினார். "எங்கட வாழைக்காய் பஜ்ஜி மாதிரித்தான், சீனி போட்டிருக்கு" என்று தீர்ப்பும் சொன்னார்.

திரும்பும் முன் வெஸ்ட் மான்ட்ரோஸ் என்ற சிற்றூருக்குப் போனார்கள். கிராண்ட் ஆற்றின் மேல், 1881-ல் கட்டிய மரப்பாலம். வீடு போல சுவரும் கூரையும் போட்டது. இந்த ஊரில்தான் டட் என்ற கணித மேதை குடியிருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் லோரென்ஸ் ரகசியக் குறியீட்டு இயந்திரத்தை, கண்ணால் பார்க்காமலே, அது எப்படி இயங்குகிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர். 1962-ல் வாட்டர்லூவுக்குப் பேராசிரியராக வந்தார். கேம்பிரிட்ஜில் அவர் முதலில் படித்தது வேதியியல்.

"பாத்தியே, கெமிஸ்ட்ரி படிச்ச மனுசன்!" என்றார் அப்பா.

"அப்பா, அவர் ஜீனியஸ். நான் சாதாரண ஆள்."

மகள் சொன்னதுதான் சரி. மேதைகளின் வாழ்க்கையைக் காட்டிப் பதினேழு வயதுப் பிள்ளையின் நான்கைந்து ஆண்டுகளை முடிவு செய்ய முடியாது.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவள் வேறொன்று செய்தாள். கணிதப் பட்டத்துக்கான பாடப் பட்டியலை எடுத்தாள். கணினி அறிவியலுக்கு மாறினால் மட்டுமே கிடைக்கும் பாடங்களை மனதில் அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் படித்தாள். புள்ளிகளையும் கோடுகளையும் வைத்து வலைப்பின்னல்களை ஆராயும் பாடம். குறைந்த செலவில் நிறைந்த பயன் காணும் உகப்பாக்கம். புள்ளியியல். காப்பீட்டுக் கணக்கு, அது வேண்டவே வேண்டாம் என்று தள்ளினாள். சில பெயர்களைத் தட்டி உள்ளே போய் விளக்கத்தையும் வாசித்தாள். அரை மணி நேரம் ஆனது. அம்மா வாத்துக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மூன்று முறை மணி பார்த்தார்.

காருக்கு நடக்கும்போது சொன்னாள். "ஓம் எண்டு போடுவம் அப்பா. ஆனா ஒரு விஷயம்."

"என்ன?"

"ஒவ்வொரு டேர்மும் போன் எடுத்து, 'கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறியாச்சோ' எண்டு கேக்கக்கூடாது. நான் மேத்ஸ் படிக்கத்தான் வாறன்."

அப்பா உடனே தலையாட்டவில்லை. கார்க் கதவைத் திறந்து, உள்ளே ஏறி, பெல்ட் போட்ட பிறகு, "சரி, கேக்கேல்லை" என்றார். பின் இருக்கையில் அம்மா, குக்கர் சின்னதாக வாங்குவதா பெரியதாக வாங்குவதா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.