போனில் தெரியுது புள்ளி!

எங்கள் ஊர்ப் பக்கம் மாடு காணாமல் போனால் மை போட்டுப் பார்ப்பார்கள். வெற்றிலையில் கறுப்பாக மையைத் தடவி, ஒரு சின்னப் பையனை எதிரே உட்கார வைத்து, "என்னடா தெரியுது?" என்று கேட்பார்கள். பையனும் வஞ்சகமில்லாமல், "தெற்குப் பக்கம்... ஒரு மரம்... மீசை வச்ச ஆளு..." என்பான். தெற்கே மரம் இல்லாத ஊர் ஏது, மீசை இல்லாத ஆள் ஏது? ஊர் பூராவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்த பிறகு, மூன்றாம் நாள் மாடு தானாக வீடு வந்து சேரும்.

இப்போது வெற்றிலைக்குப் பதில் செல்போன். மைக்குப் பதில் நீலப் புள்ளி.

போன வருஷம் என் மச்சினனின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் திருட்டுப் போனது. மொத்தம் முப்பத்தாறு தவணை. கட்டினது பதினெட்டு, பாக்கி பதினெட்டு. சரிபாதியில் கொண்டு போயிருக்கிறான், நியாயஸ்தன்! மச்சினனுக்கு இருபத்தாறு வயசு. கிண்டியில் உத்தியோகம். அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். வண்டி இல்லாமலும் தவணை கட்ட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

சாவி இல்லாமல் எலெக்ட்ரிக் வண்டியை எப்படி எடுத்தான் என்கிறீர்களா? ஓட்டவே இல்லை சார். ஹேண்டில் லாக்கை உடைத்துவிட்டு ஒருத்தன் ஏறி உட்கார, இன்னொருத்தன் பின்னாலேயே பைக்கில் வந்து, ஒரு காலை நீட்டித் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். நாம் தினம் பார்க்கிற காட்சிதான். 'பாவம், பெட்ரோல் தீர்ந்துடுச்சு போலிருக்கு' என்று ஒதுங்கி வழிகூட விடுவோம்.

வண்டி நகர்ந்த நிமிஷமே மச்சினன் போனுக்குத் தகவல் வந்துவிட்டது. ஆனால் அவன் மீட்டிங்கில் இருந்தான். மேனேஜர் டார்கெட் பற்றிப் பேசும்போது யார் போனைப் பார்ப்பது? பார்த்தபோது வண்டி போரூரைத் தாண்டியிருந்தது.

ராத்திரி ஏழு மணிக்கு மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான்.

"மாமா, போலீஸெல்லாம் வேணாம். புள்ளி தெரியுது பாருங்க. பூந்தமல்லிக்கு அந்தாண்ட ஒரு சந்து. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரைக் கூட்டிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்துடலாம்."

"உட்காருடா முதல்ல" என்றேன். என் சகதர்மிணி தம்பிக்குக் காபி கலக்க உள்ளே போனாள். கலக்கியபடியே, "அவங்க கத்தி கித்தி வச்சிருந்தா?" என்று உள்ளிருந்தே கேட்டாள். நல்ல கேள்வி. 2015-ல் கனடாவில், லண்டன் என்றே பெயருள்ள ஒரு ஊரில், 18 வயசுப் பையன் ஒருவன் தொலைந்து போன போனைத் தேடிப் புள்ளி காட்டிய இடத்துக்குத் தானே போனான். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஒரு செல்போனுக்கு!

கத்தி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

பல பேர் நினைப்பதுபோல சாட்டிலைட் ஆகாயத்திலிருந்து குனிந்து நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நம் வண்டி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுற்றிக்கொண்டு, 'இப்போ மணி இத்தனை, நான் இருக்கிற இடம் இது' என்று ரேடியோ மாதிரி அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. வண்டிக்குள் இருக்கிற கருவி குறைந்தது நாலு சாட்டிலைட்டின் குரலைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அதை நமக்குச் சொல்வது வண்டிக்குள் ஒளிந்திருக்கிற ஒரு சிம் கார்டு. டவர் இல்லாவிட்டால் அதற்கு வாய் அடைத்துவிடும். பேட்டரி தீர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

திறந்த வெளியில் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். 2000 மே மாதம் வரை பொதுஜனத்துக்கு வருகிற சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர்வரை பிசகும், மை போடுகிற பையனே தேவலை. கிளின்டன்தான் அதை நிறுத்தினார். ஆனால் தகரக் கூரைக்கும் குறுகின சந்துக்கும் எந்த ஜனாதிபதியும் ஒன்றும் செய்ய முடியாது. சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வரும், புள்ளி தள்ளாடும். நம் ஊர்ச் சந்தில் இருபது மீட்டர் தள்ளாடினால் நாலு வீடு, ஒரு டீக்கடை, ஒரு பிள்ளையார் கோயில் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

2022 ஜனவரியில் அமெரிக்காவில், டென்வர் நகரத்தில் ஒரு டிரக் களவு போனது. உள்ளே துப்பாக்கிகளும் ஒரு ஐபோனும். போன் காட்டிய இடத்தை நம்பி ஆயுதப் போலீஸ் ஒரு வீட்டை வளைத்தது. குளியல் அங்கியோடு வெளியே வந்தவர் 77 வயசுப் பாட்டி! கராஜ் கதவை உடைத்துத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. போன் காட்டியது பல வீடுகளை வளைத்துப் போட்ட ஒரு வட்டம். அதற்குள் பாட்டி வீடும் ஒன்று, அவ்வளவுதான். 2024-ல் ஜூரி அந்தப் பாட்டிக்கு 37 லட்சத்து 60 ஆயிரம் டாலர் தரச் சொன்னது. மச்சினனிடம் அவ்வளவு இல்லை.

சரி, கம்பெனிக்குப் போன் போட்டோம். இடத்தைக் காட்டுவதோடு எங்கள் சேவை பூர்த்தியாகிறது என்று ஒரு பெண் தேன் சொட்டச் சொன்னாள். கோபம் வந்தது. ஆனால் பி.காம். படித்த புத்தி வேறு விதமாக யோசித்தது. நெதர்லாந்தில் வான்மூஃப் என்று ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் கம்பெனி. தனிச் சந்தா கட்டினால், 'சைக்கிள் திருடு போனால் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடிப்போம், இல்லாவிட்டால் வேறு சைக்கிள்' என்று வாக்குக் கொடுத்தது. புள்ளியைத் தேடிப் போகவே சம்பளத்துக்கு ஆட்கள். சைக்கிள் வேட்டைக்காரர்கள் என்று பெயர். 2023 ஜூலையில் கம்பெனி திவால். பிறகு வேறு கை மாறியது. வேட்டைக்காரர்களால்தான் கவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன், ரிப்பேர் செலவே தலைக்கு மேல் போயிருந்தது. ஆனாலும் புள்ளி போடுகிற சிம்முக்கு ஆகிற செலவு கொஞ்சம், தேடிப் போகிற காலுக்கு ஆகிற செலவு ரொம்ப. அந்தக் காலை எந்தக் கம்பெனி சும்மா தரும்?

ஆகவே போலீஸ் ஸ்டேஷன். ரைட்டர் தங்கமானவர்.

"இன்ஜின் நம்பர் சொல்லு தம்பி."

"இன்ஜின் இல்ல சார். எலெக்ட்ரிக்."

"இன்ஜின் இல்லாம எப்படிய்யா ஓடும்?"

மோட்டார் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தன. பில், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் மச்சினன் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தான். புள்ளிக்கு யாருடைய வண்டி என்று தெரியாது, கவருக்குத்தான் தெரியும். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அப்புறம் எஃப்.ஐ.ஆர். களவு போனது சென்னை கமிஷனரேட், புள்ளி நிற்பது ஆவடி கமிஷனரேட் என்று ஒரு சின்னச் சிக்கல். 2022-ல் கமிஷனரேட்டை மூன்றாகப் பிரித்த சங்கதி புள்ளிக்கு யார் சொல்வது? 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கிற புதுச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்தாக வேண்டும். எங்களுக்கு அந்தத் தகராறு வரவில்லை. இரண்டு ஸ்டேஷனும் போனில் பேசிக்கொண்டன.

மறுநாள் காலை மஃப்டியில் இரண்டு ஏட்டுகளோடு அந்தச் சந்துக்குப் போனோம். வரிசையாக ஆறு தகர ஷெட். எல்லாம் பூட்டு. புள்ளி ஒரு சமயம் இரண்டாவது ஷெட்டில், ஒரு சமயம் எதிர் வரிசைத் தையல் கடையில்!

"இந்தப் போன்ல ஹாரன் அடிக்கிற பட்டன் இருக்கு சார்" என்றான் மச்சினன். நேற்றிலிருந்து கை அரித்துக்கொண்டிருந்தது அவனுக்கு. திருடன் உஷாராகிவிடுவான் என்று ஏட்டு அதுவரை தடுத்து வைத்திருந்தார். இப்போது தலையாட்டினார்.

அமுக்கினான்.

நாலாவது ஷெட்டுக்குள்ளிருந்து 'பீம்... பீம்...' என்று கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே வேறு மூன்று வண்டிகளும் இருந்தன. மூன்றும் பெட்ரோல் வண்டி; கூப்பிட்டால் கத்தத் தெரியாதவை.

கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது. கைக்கு வர எத்தனை நாள் தெரியுமா? பத்தொன்பது! வழக்குச் சொத்தாகிவிட்டதே, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இப்படிப் பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் அதைத்தான் எடுத்துக் காட்டினார். நடுவில் இரண்டு சனி ஞாயிறு, ஒரு அரசு விடுமுறை.

அந்த நாட்களில் மச்சினன் ராத்திரி ராத்திரி போனைத் திறந்து, புள்ளி ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான். பதினோராம் நாள் நடுராத்திரி எனக்குப் போன்.

"மாமா... புள்ளியைக் காணோம்!"

"எங்கேடா?"

"ஸ்டேஷன்லேர்ந்தே காணோம் மாமா!"

காலையில் போய்ப் பார்த்தோம். வண்டி வேப்ப மரத்தடியில் இலையும் காக்கை எச்சமுமாக அப்படியே நின்றது. களவு போகும்போதே பதினோரு சதவிகிதம்தான் சார்ஜ். நின்ற இடத்திலேயே அதுவும் தீர்ந்துவிட்டது. சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். வழக்குச் சொத்துக்கு சர்க்கார் கரண்ட் கொடுக்க ரூல் கிடையாது என்றார் ரைட்டர்.

பத்தொன்பதாம் நாள் கோர்ட் உத்தரவோடு போய், வழக்கு முடிகிறவரை விற்க மாட்டேன், கூப்பிட்டபோது கொண்டு வருவேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினான். செத்த பேட்டரியோடு எப்படி வீட்டுக்குக் கொண்டு போவது என்று நான் விழிக்க, பாரா நின்ற போலீஸ்காரர் யோசனை சொன்னார்:

"பின்னால பைக்ல வந்து ஒருத்தர் காலால தள்ளிட்டே போங்களேன்."

குட்டி யானை வைத்துக்கொண்டோம். வாடகை 1,200 ரூபாய்.